மட்டக்களப்பிலிருந்து இரத்மலானைக்கு எத்தனை நிமிடம்?

போன கிழமை அக்காவின் மகன் போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினான். "மாமா, மட்டக்களப்பு எயார்போர்ட்டில இருந்து கொழும்புப் பக்கம் இரத்மலானைக்கு 17 நிமிசமாம். நாம ஏன் பஸ்ஸில ஏழெட்டு மணித்தியாலம் குந்திக்கொண்டு போறம்?"

கணக்கில் பிழையில்லை, கணக்கில் போட்ட விமானம்தான் பிழை. மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் பெரிய ஜெட் என்று எடுத்துக்கொண்டு தூரத்தை அந்த வேகத்தால் வகுத்திருக்கிறார்கள்.

முதலில் தூரம். திமிலதீவுப் பக்கம் இருக்கும் நமது ஓடுபாதையிலிருந்து இரத்மலானைக்கு வான்வழியாக ஏறக்குறைய 220 கிலோமீட்டர்; வீதியால் போனால் 300ஐத் தாண்டும். பூமி உருண்டை என்பதால் வான்வழியும் சரியான நேர்கோடு இல்லை, உருண்டையின் முதுகில் வளைந்து போகும் கோடு, லண்டன் போகிறவர்கள் வரைபடத்தில் அந்த வளைவைப் பார்த்திருப்பார்கள், ஆனால் நம் தீவுக்குள் அது கணக்கிலேயே வராது. விமானிகள் அந்த 220 கிலோமீட்டரையே 119 கடல் மைல் என்பார்கள். ஒரு கடல் மைல் 1852 மீட்டர், அதாவது அட்சரேகையில் ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு.

சரி, விமானம்? இப்படிச் சிறிய ஓடுபாதைக்கு ஏற்றது செஸ்னா காரவன் மாதிரி ஒன்று. மூக்கில் ஒரே ஒரு காற்றாடி, மணிக்குச் சுமார் 340 கிலோமீட்டர். 220ஐ 340ஆல் வகுத்தால் 39 நிமிடம். அதுவும் மேலே ஏறி முடித்த பிறகு வரும் வேகம்தான், ஏறும்போது அவ்வளவு வராது. நேர்வழியோ கண்டிக்குக் கொஞ்சம் தெற்கால், நக்கிள்ஸ் மலைகளுக்கும் 2524 மீட்டர் உயரமான பிதுருதலாகலவுக்கும் நடுவால் போகிறது, அதனால் நன்றாக உயர்ந்துதான் ஆகவேண்டும். அப்புறம் இறங்குவதற்கு ஓடுபாதைக்கு நேராக வர ஒரு சுற்று. எல்லாம் சேர்த்தால் முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டிவிடும்.

இனிக் காற்று, எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வலையிறவுப் பாலத்தில் நின்று பாருங்கள், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாளில் எதிரே தோணி வலிக்கிறவர் எவ்வளவு பாடுபட்டாலும் கரை கிட்ட வராது. விமானத்துக்கும் அதே கதை. 340 என்பது சுற்றியுள்ள காற்றை விட்டு அது முன்னேறும் வேகம், அந்தக் காற்றே முகத்துக்கு எதிரே மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்தால் தரைக்கு மேலே மிஞ்சுவது 280தான். ஏறுவது, இறங்குவதை விட்டுப் பார்த்தால் இரத்மலானைக்குப் போக 47 நிமிடம். திரும்பும்போது அதே காற்று பின்னால் தள்ளும், வேகம் 400, நேரம் 33 நிமிடம். போனதில் இழந்ததை வந்ததில் பிடித்துவிட்டோம் என்று தோன்றுகிறதா? கூட்டிப் பாருங்கள், 80 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 78. எதிர்க்காற்றில் கூடுதல் நேரம் கிடக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம், அதனால் இழப்பு முழுதாகத் திரும்புவதே இல்லை. வடகிழக்கிலிருந்து காற்று வரும் வாடைக்காலத்தில் போவது சுகம், வருவது கஷ்டம், ஆனால் மொத்தக் கணக்கு அப்போதும் நட்டம்தான்.

மருமகன் விடவில்லை. "அப்ப அம்பாறைக்கு?" அம்பாறைப் பக்கத்து உகணை விமானத்தளம் இங்கிருந்து வான்வழியாக 41 கிலோமீட்டர்தான், காரவனுக்கு ஏழு நிமிடம், ஏறி முடிவதற்குள் இறங்கத் தொடங்கவேண்டும். போனில் தட்டிப் பார்த்தான். 3 நிமிடமாம்.