கிராப்பிக்கு எத்தனை அடி ராட்? பதினாறு என்று முடிவு செய்யும் முன் கொஞ்சம் நில்லுங்கள்

பிப்ரவரி பிறந்தால் போதும், கிராப்பி என்கிற நன்னீர் மீனைப் பிடிக்க எங்கள் தூண்டில் கடைக்கு வருகிற புது ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "இருக்கிறதிலேயே நீளமான ராட் எது?" என்பதுதான். ராட் என்றால் தூண்டில் கழி. கடை அமெரிக்காவில், மெம்ஃபிஸ் பக்கம். விற்பதோடு, உடைந்து வருகிற ராட்களைப் பழுது பார்ப்பதும் என் வேலை. அதனால் யார் எதை வாங்கினார்கள், அது எப்படித் திரும்பி வந்தது என்று இரண்டு பக்கமும் பார்க்கிறேன்.

தெற்கே மிசிசிப்பி மாநிலத்துக்குள் போனால் ஆர்கபட்லா, சார்டிஸ், ஈனிட், கிரெனடா என்று நான்கு பெரிய நீர்த்தேக்கங்கள். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியவை. சார்டிஸ் 1940, கிரெனடா 1954. இன்று கிராப்பி பிடிக்கிறவர்களுக்கு இவைதான் கோயில். வெள்ளைக் கிராப்பியில் உலக சாதனை மீன், 5 பவுண்டு 3 அவுன்ஸ், 1957இல் ஈனிட் ஏரியில் பிடிபட்டது. சாதாரணமாக 2 பவுண்டு மீன் கிடைத்தாலே படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிடுவார்கள்.

சரி, நீளத்துக்கு வருவோம். படகை நகர்த்திக்கொண்டே பல ராட்களில் மீன் பிடிப்பதை ட்ரோலிங் என்று ஒரே பெயரில் சொன்னாலும் இங்கே இரண்டு வேலை நடக்கிறது, இரண்டுக்கும் ஒரே ராட் சரிப்படாது.

ஒன்று, இரையைப் படகுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போவது. படகின் முன்பக்கம் உட்கார்ந்து ராட்களை விசிறி மாதிரி விரித்துத் தாங்கிகளில் செருகி, நரம்பு (தூண்டில் கயிறு) நேராகக் கீழே இறங்கும்படி அரை அவுன்ஸிலிருந்து ஒரு அவுன்ஸ் வரை ஈயம் கட்டி, மணிக்கு அரை மைல் வேகத்தில் மெதுவாக நகர்வது. இதற்கு 12 முதல் 16 அடி வரை ஓடுகிறது. இன்னொன்று, இழுத்துப் போவது. அதில் 1/16 அவுன்ஸ் மாதிரி இலேசான ஜிக்குகளை (ஈயத்தலை வைத்த செயற்கை இரை முள்) படகுக்குப் பின்னால் வெகுதூரம் விட்டு, மணிக்கு ஒரு மைல் அளவில் இழுக்கிறோம். இங்கே ஒரே நீளத்தில் வாங்குவது தப்பு. பக்கவாட்டில் நிற்பவை 14, 16 என்று நீளமாகவும், பின்னோக்கிப் போகப் போக 12, 10, 8 என்று குறைந்துகொண்டும் வந்தால்தான் நரம்புகள் தள்ளித் தள்ளி நிற்கும், திரும்பும்போது சிக்காது. திரும்பும்போது உள்பக்க ஜிக் வேகம் குறைந்து கீழே இறங்கும், வெளிப்பக்க ஜிக் வேகம் கூடி மேலே வரும். எந்தப் பக்கம் மீன் கடிக்கிறது என்று பார்த்தால் மீன் எந்த ஆழத்தில் நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

தள்ளிப் போகிறவர்கள்தான் நீளத்தில் ஏமாறுகிறார்கள். கணக்கு எளிது. முன்பக்கம் 5 அடி அகலப் படகு, இரண்டு பக்கமும் 16 அடி ராட் என்றால் 37 அடி அகலத்துக்குத் தண்ணீரை அலசலாம். 12 அடி என்றால் 29. எட்டு அடி கூடுதல்தானே, நல்லதுதானே என்று தோன்றும். மீன் சிதறிக் கிடக்கிற நாளில் நல்லதுதான். தண்ணீர் தெளிந்து, படகின் நிழலுக்கும் மோட்டார் சத்தத்துக்கும் மீன் ஒதுங்குகிற இடத்திலும் நல்லதுதான். ஆனால் நம் மிசிசிப்பி ஏரிகளில் தண்ணீர் பெரும்பாலும் கலங்கல், கிராப்பி கூட்டமாக மூழ்கின மரக்கட்டை ஓரமாக நிற்கும், அப்போது ஓரத்து ராட்கள் வெறும் தண்ணீரில்தான் தொங்குகின்றன.

அந்த எட்டு அடிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். காற்று அடித்து அலை எழும்பினால் படகு முனை கொஞ்சம் தாழ்ந்தாலே நீளமான ராட்டின் நுனி அதைவிட அதிகமாக ஏறி இறங்கும், கீழே இரை துள்ளிக்கொண்டே இருக்கும், மந்தமாக இருக்கிற மீன் அதைத் தொடாது. மீன் மாட்டினால் அது உங்களிடமிருந்து 16 அடி தள்ளித் தொங்கும். கூட ஆள் இருந்தால் வலையை நீட்டுவார். தனியாகப் போகிறவர் ஒரு கையில் ராட், மறு கையில் வலை என்று தடுமாறுவார். கிராப்பியின் வாய்த்தோல் நனைந்த செய்தித்தாள் மாதிரி கிழிந்துவிடும், அதற்குள் மீன் போய்விடும். தனி ஆளுக்கு 10 அல்லது 12 அடி போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

நீளத்தைவிட நுனியைப் பாருங்கள். நுனி இளகி வளைய வேண்டும், நடுவிலிருந்து கீழே விறைப்பாக இருக்க வேண்டும். கடையிலேயே நீங்கள் போடப்போகிற ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். அந்தக் கனத்திலேயே நுனி முழுக்கக் குனிந்துவிட்டால் கடி தெரியாது. அப்புறம், எல்லாம் ஒரே மாடலாக இருக்கட்டும். ராட்கள் ஒரே மாதிரி வளைந்து நிற்கும்போது ஒன்று மட்டும் சற்றுக் கூட வளைந்தாலோ நிமிர்ந்தாலோ கண்ணில் படும். நிமிர்வதும் கடிதான். மீன் இரையோடு மேலே வருகிறது என்று அர்த்தம்.

உடைந்து வருகிறவற்றில் மீன் உடைத்தது அபூர்வம். கார் கதவு, வீட்டு மின்விசிறி, அப்புறம் கட்டையில் மாட்டின முள். ராட் தாங்கியில் நிற்கிறது, மோட்டார் ஓடுகிறது, முள் மாட்டிக்கொண்டது என்றால் ராட்டைப் பிடுங்கப் போகாதீர்கள், முதலில் மோட்டாரை நிறுத்துங்கள். இன்னொரு வகை, மீனைக் கிட்டே கொண்டுவர ராட்டைச் செங்குத்தாகத் தூக்கி, நடுப்பகுதியை மறு கையால் பிடிப்பது. வளைவு மொத்தமும் நுனிக்குப் போய் அங்கே முறிகிறது. நீளமான ராட் வாங்கினவர்தான் இதை அதிகம் செய்வார், வேறு வழி இல்லாமல். இரண்டு துண்டாகக் கழற்றினாலும் 16 அடி ராட்டில் ஒரு துண்டு 8 அடி. காரில் நுழையுமா என்று வாங்கும் முன் அளந்துகொள்ளுங்கள். உள்ளுக்குள் இழுத்து மடக்குகிற வகை தூக்கிப்போக வசதிதான், ஆனால் நரம்பு போகிற வளையங்கள் வரிசை மாறித் திருகிக்கொள்ளும்.

இனி சொல்லப்போவதை யாரும் கேட்டு வாங்குவதில்லை, நானாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிராஃபைட் ராட் என்பது கார்பன். மின்சாரம் அதில் பாயும். 16 அடி ராட்டை வீட்டு வாசலிலோ படகு இறக்குகிற இடத்திலோ மாட்டி நிமிர்த்திப் பிடித்தால் நுனி 20 அடி உயரத்தில் இருக்கிறது. தலைக்கு மேலே கம்பி போகிறதா என்று எத்தனை பேர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்? உயர் அழுத்தக் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், அருகில் போனாலே மின்சாரம் தாவும். கண்ணாடியிழை ராட்டில் அந்த அளவு ஆபத்து இல்லை, ஆனால் நனைந்திருந்தால் அதையும் நம்ப வேண்டாம். தாங்கிகளில் ராட்களை நிறுத்தியபடியே படகை வண்டியில் கட்டி இழுத்துப் போகிறவர்களையும் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். ஏரி நடுவில் இடி கேட்டால் முதலில் ராட்களைப் படுக்க வையுங்கள், கரைக்கு வந்து கூரைக்குள்ளோ காருக்குள்ளோ போங்கள், கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள். மீன் கடித்துக்கொண்டிருக்கும்போதுதான் மழை வரும், தெரியும். இருந்தாலும் போங்கள்.

எத்தனை ராட் வாங்கலாம் என்பதை உங்கள் ஆசை மட்டும் முடிவு செய்வதில்லை. மினசோட்டா மாநிலத்தில் உறையாத தண்ணீரில் பொதுவாக ஒருவருக்கு ஒரு தூண்டில்தான். மிசிசிப்பியின் இந்த நான்கு ஏரிகளிலும் ஒருவர் எத்தனை ராட் போடலாம், எத்தனை அங்குலத்துக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்று விதி உண்டு. விதிகள் மாறிக்கொண்டும் இருக்கும், அதனால் இந்த ஆண்டுக்கான விதிப் புத்தகத்தை மீன்வளத் துறை தளத்தில் பார்த்துவிட்டுக் கடைக்கு வாருங்கள். எட்டு ராட் செட்டைத் தள்ளுபடியில் வாங்கிக்கொண்டு போய், பாதியைப் போட முடியவில்லை என்று மறுநாள் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பிரித்த பெட்டியை நாங்கள் திரும்ப எடுப்பதில்லை.