கேம்ல அழுக்கு எங்கயும் ஓடாது: பவர்வாஷ் சிமுலேட்டர் ஏன் மனச லேசாக்குது

சிங்க்ல நேத்து ராத்திரி பாத்திரம் அப்படியே கெடக்கு, நான் ஒன்றரை மணி நேரமா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எவனோ ஒருத்தனோட வேனை கழுவிட்டு இருந்தேன். அதுவும் காசு குடுத்து. கேம் பேரு பவர்வாஷ் சிமுலேட்டர், இங்கிலாந்துல பிரைட்டன்ல இருக்கற ஃபியூச்சர்லாப் பண்ணது, 2022 ஜூலைல முழுசா வெளிவந்துச்சு. மக்கிங்காம்னு ஒரு கற்பனை ஊரு, அங்க சேறு அப்பின வேன், சின்னப் பசங்க விளையாடற பார்க்கு, ஃபயர் ஸ்டேஷன்னு ஒவ்வொண்ணா தண்ணி பீய்ச்சி கழுவணும். டைமர் கெடையாது, எதிரி கெடையாது, பாட்டு கூட கெடையாது, தண்ணி சத்தம் மட்டும்தான்.

இதுல என்ன நிம்மதி? நிஜத்துல பிரஷர் வாஷர், அதான் தண்ணிய வேகமா பீய்ச்சி கழுவற மெஷின், புடிச்சு பாத்தவங்களுக்கு தெரியும், கையை பின்னாடி தள்ளும், மூஞ்சிலயே தெறிக்கும், எல்லாத்துக்கும் மேல அழுக்கு காணாமப் போகாது, செவுத்துல இருந்து தரைக்கு எறங்கும், தரைல இருந்து வாசலுக்கு ஓடும், அப்புறம் அதையும் கழுவணும். கேம்ல அழுக்குங்கறது பொருள் மேல விரிச்ச ஒரு படம், தண்ணி பட்ட எடம் ரப்பர் வெச்ச பென்சில் கோடு மாதிரி அழிஞ்சிடும், அவ்ளோதான், மறுபடி வராது. அழுக்கு இப்படி ஒரே எடத்துல அடங்கி கெடக்கறதாலதான் அதுக்கு கணக்கு வெக்க முடியுது. கதவு எவ்ளோ சதவீதம், டயர் எவ்ளோ சதவீதம்னு தனித்தனியா காமிக்கும், ஒரு பாகம் கிட்டத்தட்ட முடிஞ்சதும் மிச்சத்த அதுவே தொடச்சிட்டு பளிச்சுனு மின்னி "டிங்"னு ஒரு சத்தம். அந்த டிங்குக்காகத்தான் முக்காவாசி பேரு விளையாடறாங்கன்னு நான் நெனைக்கறேன். வீட்ட கூட்டி முடிச்சா எந்த டிங்கும் கேக்காது, மறுநாள் தூசிதான் வரும்.

மிஹாய் சிக்சென்ட்மிஹாயிங்கற உளவியலாளர் வேலையில ஆளு அப்படியே கரைஞ்சு போற நிலைய 'ஃப்ளோ'ன்னு சொன்னாரு, அதுக்கு தெளிவான இலக்கு வேணும், செய்யறதுக்கு உடனே பலன் தெரியணும், வேலை நம்ம திறமைக்கு ஏத்த கஷ்டமா இருக்கணும். மொத ரெண்டும் இங்க தாராளமா இருக்கு, மூணாவதுதான் கொஞ்சம் இடிக்குது. ஏன்னா இது அவ்ளோ கஷ்டமே இல்ல, பாதி மனசு சும்மாதான் இருக்கும், அதுல பாட்காஸ்ட் ஓட்டலாம்.

ஆக்ஸ்ஃபோர்டு இன்டர்நெட் இன்ஸ்டிட்யூட் ஆளுங்க இந்த கேம வெச்சே ஒரு ஆய்வு பண்ணாங்க, அதுக்குன்னு ஒரு தனி வெர்ஷன், விளையாடிட்டு இருக்கும்போதே நடுநடுவுல இப்ப மூடு எப்படி இருக்குன்னு கேக்கும். 39 நாடு, 8,000 பேருக்கு மேல. 72 சதவீதம் பேருக்கு மூடு ஏறுச்சு, அதுவும் பெரும்பாலும் மொத 15 நிமிஷத்துலயே. ரொம்ப துள்ள வேணாம், சராசரியா பாத்தா 100க்கு 3 புள்ளி மாதிரிதான் ஏத்தம், அதோட விளையாடாதவங்கள பக்கத்துல வெச்சு ஒப்பிட்டும் பாக்கல, ஆசைப்பட்டு வந்தவங்கதான் எல்லாரும்.

கேமே இல்லாம நிஜ பாத்திரத்த வெச்சும் பாத்திருக்காங்க. 2015ல வந்த ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஆய்வுல 51 பேரு பாத்திரம் கழுவுனாங்க, சோப்பு வாசனை, தண்ணியோட சூடுன்னு அதுலயே கவனத்த வெச்சு கழுவுனவங்களுக்கு படபடப்பு 27 சதவீதம் கொறஞ்சதாம், சும்மா கழுவுனவங்களுக்கு அப்படி ஒண்ணும் ஆகல. கேம்ல சோப்பு வாசனையும் கெடையாது, கைல சூடும் கெடையாது, ஆனா கவனத்த நாம இழுத்துப் புடிக்க வேண்டியதில்ல, சேத்துக்கு நடுவுல போற அந்த சுத்தமான கோடே கண்ண இழுத்துட்டு போயிடும்.

அந்த கோடு கண்ணுக்கு தெரியற வரைக்கும்தான் இதெல்லாம். 99 சதவீதத்துல ஒரு பாகம் நின்னுடும், கீபோர்டுல டேப் (Tab) கீய அமுக்குனா மிச்ச அழுக்கு ஒரு நொடி மினுங்கும், சுத்தி சுத்தி வந்தாலும் எங்கன்னு புரியாது. நேத்து எனக்கு அது வேன் பம்பரோட அடியில இருந்துச்சு, தரையோட தரையா படுத்து தேடுனேன், பத்து நிமிஷம், வாயில வராத வார்த்தையெல்லாம் வந்துச்சு.