ஒளியைத் திருப்பிவிடும் வெள்ளி மணிகள்

சிலிக்கான் நீல ஒளியை ஒரு மைக்ரோமீட்டர் ஆழத்துக்குள்ளேயே ஏறக்குறைய முழுதாக உட்கவர்ந்துவிடும். அகச்சிவப்பு விஷயத்தில் அது மந்தம்: 1000 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி 100 மைக்ரோமீட்டர் ஊடுருவிய பிறகும் பாதியளவு மிஞ்சி நிற்கும். சூரிய மின்கலத்தின் சிலிக்கான் வில்லைகளைத் தடிமனாக அறுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தடிமனை ஓரிரு மைக்ரோமீட்டராகக் குறைத்தால் சிலிக்கான் மிச்சம்தான். ஆனால் சிவப்பும் அகச்சிவப்பும் பிடிபடாமல் தப்பிவிடும்.

மெல்லிய ஏட்டுக்குள் ஒளியை நெடுந்தூரம் ஓடவைக்க, அதைக் குறுக்காகத் திருப்பிவிட வேண்டும். அந்த வேலையை உலோக நானோ துகள்கள் செய்கின்றன.

ஒளியை மறைக்கும் உலோகத்தையா மின்கலத்தில் வைப்பது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் 100 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளி மணி, வெள்ளித் தகட்டைப் போல நடந்துகொள்வதில்லை. ஒளியின் மின்புலம் அதன் கட்டற்ற எலக்ட்ரான்களை ஒருபக்கம் தள்ளுகிறது. பின்னால் நிற்கும் நேர்மின் அயனிகள் அவற்றைத் திரும்ப இழுக்கின்றன. வாளியில் நீர் சுமப்பவரின் நடை, நீரின் அலைவோடு ஒத்துப்போனால் எப்படித் தளும்புமோ, அப்படி ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் எலக்ட்ரான் கூட்டம் முழுதும் தளும்பத் தொடங்கும். இதற்குப் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்று பெயர். அந்த நிலையில் துகள், தன் குறுக்குப் பரப்பைவிடப் பல மடங்கு பரப்பில் விழும் ஒளியை வசப்படுத்தி நாலாபுறமும் சிதறடிக்கும். ஒளிவிலகல் எண் அதிகமுள்ள பக்கத்துக்கே, அதாவது சிலிக்கானுக்குள்ளேயே, பெரும்பகுதி போகும். உள்ளே சாய்வாகப் போகும் கதிர், சிலிக்கானும் காற்றும் சந்திக்கும் பரப்பில் சுமார் 17 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் விழுந்தால் முழு அக எதிரொளிப்பால் சிறைப்படும்.

இதில் துகளின் பருமன்தான் எல்லாம். சிறு துகள்களின் விட்டத்தை இரட்டித்தால் உலோகம் விழுங்கி வெப்பமாக்கும் ஒளி 8 மடங்காகும். சிதறலோ 64 மடங்காகும். அதனால்தான் 20 நானோமீட்டர் துகள் பெரும்பாலும் ஒளித் திருடன். 100 நானோமீட்டர் துகள் உதவியாள். செய்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது: பத்துப் பதினைந்து நானோமீட்டர் தடிமனுக்கு வெள்ளியைப் படியவைத்து 200 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால், படலம் தாமரை இலைத் தண்ணீர்போல மணிமணியாகத் திரண்டுவிடும்.

1998இல் ஸ்டூவர்ட், ஹால் என்ற இரு ஆய்வாளர்கள் 165 நானோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் ஒளியுணரியின் மேல் வெள்ளித் துகள்களைப் பரப்பி, 800 நானோமீட்டர் ஒளிக்கு மின்னோட்டத்தைச் சுமார் 18 மடங்கு உயர்த்தினார்கள். மயங்கிவிட வேண்டாம், அது ஒரே அலைநீளத்தில் கிடைத்த எண். முழுச் சூரிய ஒளிக்கும் கணக்குப் போட்டால் ஆதாயம் வெகுவாகச் சுருங்கும்.

சிக்கல் வேறொரு பக்கமும் இருக்கிறது. ஒத்ததிர்வைவிடக் குறைந்த அலைநீளங்களில், துகள் சிதறடிக்கும் அலையும் நேராக நுழையும் அலையும் கட்டம் மாறி ஒன்றையொன்று அழிக்கின்றன. முன்புறம் துகள் வைத்தால் சிவப்பில் வரவு, நீலத்தில் செலவு. துகள்களைப் பின்புறத்துக்கு மாற்றுவது இதற்கு அழகான தீர்வு: நீலம் அங்கே வந்துசேரும் முன்பே உட்கவரப்பட்டிருக்கும், தப்பிவந்த சிவப்பை மட்டும் துகள்கள் திருப்பி அனுப்பும். சிலிக்கானை உலோகம் நேராகத் தொடாதபடி இடையே மெல்லிய ஆக்சைடு படலமும் தேவை. குறிப்பாகத் தங்கம் உள்ளே ஊடுருவினால் மின்னூட்டங்களை வழியிலேயே மடக்கிவிடும்.

கூரைமேல் இருக்கும் தடித்த சிலிக்கான் பலகைகளுக்கு இந்த வித்தை பெரிதாகத் தேவைப்படவில்லை. காரக் கரைசலில் அரித்து உருவாக்கும் நுண்பிரமிடுகளே அங்கே ஒளியைச் சாய்த்துவிடுகின்றன, செலவும் குறைவு. ஆனால் அந்தப் பிரமிடுகள் சில மைக்ரோமீட்டர் உயரம். ஒரே மைக்ரோமீட்டர் தடிமனுள்ள ஏட்டில் அவற்றைச் செதுக்க இடமேது?