ஓடைத் தண்ணீரில் விளக்கேற்றிய வீடு

இங்கிலாந்தின் வடக்கே ராத்பரி என்ற சிற்றூர்ப் பக்கம், பாறைச் சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது க்ராக்சைடு மாளிகை. மரச்சட்டங்கள் தெரியும் முகப்பு, நெடுநெடுவென்று புகைபோக்கிகள், பார்த்தால் 16ஆம் நூற்றாண்டு வீடு என்றுதான் தோன்றும். ஆனால் கட்ட ஆரம்பித்ததே 1863இல்தான். பழைய பாணியில் அதை விரிவாக்கியவர் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நார்மன் ஷா. எனக்கு அந்த முகப்பைவிட உள்ளே ஓடிய தண்ணீர்தான் பெரிய அதிசயம்.

வீட்டுக்காரர் வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங், வக்கீலாக இருந்து பொறியாளர் ஆனவர், பீரங்கி செய்து பெரும் பணம் சேர்த்தவர். இளம் வயதில் ஒரு பழைய தண்ணீர் ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து அத்தனை உயரம் இறங்கி வரும் தண்ணீரில் கடைசிச் சில அடிகளின் விசை மட்டும்தானே சக்கரத்துக்குக் கிடைக்கிறது, மீதியெல்லாம் வீண்தானே என்று அவருக்குத் தோன்றியது. அதே தண்ணீரைக் குழாயில் அடைத்து இறக்கினால் பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கீழே சேர்ந்துகொண்டே போகும். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் க்ராக்சைடில் லிஃப்டை ஏற்றினார், சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்றினார்.

அப்புறம் மின்சாரம். ஓடையை மறித்து ஏரி, ஏரித் தண்ணீர் சுழற்ற ஒரு டர்பைன் சக்கரம், அந்தச் சுழற்சியை மின்சாரமாக்க அதோடு ஒரு டைனமோ. 1878இல் ஓவியக்கூடத்தில் வில்விளக்கு, அதாவது இரண்டு கரித்தண்டுகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து ஒளிரும் விளக்கு, எரிந்தது, கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம். 1880இல் கண்டுபிடிப்பாளர் ஜோசப் ஸ்வானின் கார்பன் இழை பல்புகள் வந்த பிறகுதான் அறைகளில் இதமான ஒளி கிடைத்தது. உலகிலேயே நீர்மின்சாரத்தில் விளக்கெரிந்த முதல் வீடு இதுதான். டர்பைன் இருந்தது 1,500 கஜம் தள்ளி, மின்சாரம் போய்த் திரும்ப 3,000 கஜம் செம்புக் கம்பி வேண்டும், கம்பி மெல்லியதாக இருந்தால் நிறைய மின்சாரம் வழியிலேயே வெப்பமாகிவிடும் என்பதால் தடித்த கம்பியாகப் போட்டார்.

சரி, சுவிட்ச்? நூலகத்தில் செம்பின் மேல் எனாமல் பூசிய ஜாடிகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பல்பு. ஜாடியின் அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முனை, பீடத்தின் நடுவில் உள்ள சின்னப் பாதரசக் கிண்ணத்துக்குள் முங்கும். மின்சாரம் அந்தக் கம்பி வழியே பல்புக்கு ஏறி, ஜாடியின் செம்பு உடம்பு வழியாகவே பீடத்துக்கு இறங்கிவிடும். ஜாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், திரும்ப வைத்தால் எரியும். பாதரசம் திரவ உலோகம், கம்பி எப்படி இறங்கினாலும் இடைவெளி விடாமல் சூழ்ந்துகொள்ளும், அதுதான் சூட்சுமம். பாதரச ஆவி நஞ்சு, இன்றைக்கு எந்த வீட்டிலும் இதை அனுமதிக்க முடியாது.

ஓடைதான் வீட்டுக்கு விளக்கேற்றுகிறது, இதில் எந்தப் பொருளும் எரிந்து தீர்வதில்லை என்று ஆர்ம்ஸ்ட்ராங் 1881இல் எழுதினார். அதை எழுதியது நிலக்கரி ஊரான நியூகாசிலில் பிறந்த மனிதர் என்பதை நினைத்தால் அந்த வரியின் கனம் புரியும். 2014இல் அங்கே 17 மீட்டர் நீளத்தில் ஒரு ஆர்க்கிமிடீஸ் திருகை, அதாவது சுருள் வடிவத் தகடு சுற்றிய பெரிய தண்டை, நிறுவினார்கள், ஏரித் தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது திருகு சுழன்று, மாளிகையின் பல்புகளுக்கு மறுபடி மின்சாரம் தருகிறது.