கீழே அழுத்திக் கட்டினால் மட்டும் போதுமா? மலை ரோட்டில் கட்டமரன் ஏற்றுகிறவர்களுக்கு

நீர்கொழும்பிலிருந்து ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு ஒரு 16 அடி கட்டமரனை, அதாவது இரண்டு ஓடங்களைக் குழாயால் இணைத்த பாய்ப்படகை, ட்ரெய்லரில் இழுத்துக்கொண்டு வந்தோம். கினிகத்தேனை தாண்டி ஏறும்போது, கெப்பின் பின்சீட்டிலிருந்த பொடியன் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “அண்ணே, படகு பின்னுக்குப் போன மாதிரி இருக்கே?”

இறங்கிப் பார்த்தேன். ஒரு சாண் போயிருந்தது. தாங்கியில் ஒட்டியிருந்த கார்பெட் துண்டில் அரிசி மாவைத் தூவினது போல வெள்ளைத் தூள். படகின் மேல்பூச்சு தேய்ந்து கொட்டியது அது. பெல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தால் இறுக்கமாகத்தான் இருந்தன. கட்டினவன் நான்தான், வேறு யாரையும் திட்ட வழியில்லை.

ஹட்டனில் கராஜ் வைத்து ட்ரெய்லர் வேலை செய்கிறவன் நான். அன்றைக்குப் பிடிபட்டது இதுதான்: குறுக்கே போட்ட பெல்ட் படகைக் கீழேதான் அழுத்தும். கொழும்புப் பக்கத்துச் சமதரை ரோட்டுக்கு அது போதும். இங்கே ஏற்றத்தில் படகு பின்னுக்கு வழுக்கும், இறக்கத்தில் பிரேக் அடித்தால் முன்னுக்கு ஓடும், முடக்கில் பக்கவாட்டில் தள்ளும். வட்டவளை மழையில் நனைந்த கார்பெட்டில் பிடிமானம் என்று ஒன்று மிஞ்சாது. நைலோன் கயிறு தண்ணீரைக் குடித்தால் நீளும். காலையில் போட்ட இறுக்கம் மத்தியானம் இருக்காது. பொலியெஸ்டர் பெல்ட் அந்த அளவுக்கு நீளாது.

ஆகவே இப்போது முதலில் போடுவது முன்பின் கட்டுத்தான். படகின் மூக்கிலிருந்து வின்ச் கம்பத்துக்கு (படகை மேலே இழுக்கும் கைச்சுற்றி பூட்டிய, ட்ரெய்லரின் முன்கம்பம்) ஒன்று. ஏற்றத்தில் பின்னுக்கு விடாது. பின்பக்கக் குறுக்குக் குழாயிலிருந்து ட்ரெய்லரின் பின் சட்டத்துக்கு ஒன்று. இறக்கத்தில் முன்னுக்கு விடாது. அதற்குப் பிறகுதான் கீழே அழுத்தும் பெல்ட். அதுவும் ஓடங்களின் மேலாகப் போகக்கூடாது, இரண்டு ஓடங்களையும் இணைக்கும் அலுமினியக் குழாயின் மேல்தான் போட வேண்டும். ஓடம் என்பது நடுவில் நுரை வைத்த மெல்லிய ஃபைபர். லொறிக்குப் போடுகிற, பல்சக்கரப் பிடியால் இறுக்கும் ரெச்சட் பெல்ட்டை அதன் மேல் முறுக்கினால் உள்ளே நசுங்கும், வெளியே தெரியாது. ஹோபி என்ற கம்பெனியின் 16 அடி கட்டமரனின் எடை ஏறக்குறைய 145 கிலோதான். கையால் இழுத்துப் பூட்டுகிற சாதா பக்கிள் தாராளம். பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிப் போடுங்கள். தட்டையாக விட்டால் காற்றில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்து தேயும்.

கட்டின பிறகு 5 கிலோமீட்டரில் ஒருமுறை, கித்துல்கலையில் தேத்தண்ணிக்கு நிற்கும்போது ஒருமுறை கை வைத்துப் பாருங்கள். மேலே ஏறத் தொடங்குவதற்கு முன் அதுதான் நல்ல இடம். கட்டமரன் என்ற சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனது. அதை அவிழாமல் கட்டத் தெரியாமல் நிற்பது கொஞ்சம் வெட்கம்தான்.

பாய்மரம் தனிக் கதை. படகு 16 அடி என்றால் மரம் 26 அடிக்கு மேல். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி, இடது முடக்கில் திரும்பும்போது வலப்பக்கம், எதிரே பஸ் வருகிற பக்கம் வீசும். சிவப்புத் துணி கட்டுவது சட்டத்துக்காக மட்டும் இல்லை. படகின் அகலமும் 8 அடிக்குக் கிட்ட. கெப்பை விட இரண்டு பக்கமும் வெளியே நிற்கும். நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியை மறந்துவிடுங்கள். கிரகரி வாவிக்குச் சுற்றி வந்தாலும் போய்ச் சேரலாம். ஏரிக்கரையில் மரத்தை நிமிர்த்தும் முன் அண்ணாந்து பாருங்கள். அலுமினிய மரமும் கரண்ட் வயரும் சேரக்கூடாது.

நிறுத்தி வைப்பதில்தான் அதிகம் அலட்சியம். டயருக்குக் கல் வைத்துவிட்டுப் போவது நம் ஊர்ப் பழக்கம். கல் உருளும், எடுக்காமல் விட்டால் ராத்திரி வருகிற மோட்டார் சைக்கிள்காரனைக் கவிழ்க்கும். மரக்கட்டை ஆப்பு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தென்மேல் காற்று அடிக்கிற மாதங்களில் இன்னொரு ஆபத்து: இரண்டு ஓடங்களுக்கும் நடுவில் இழுத்துக் கட்டிய வலைத்துணி இறக்கை போல வேலை செய்யும். படகை ட்ரெய்லரில் கட்டினது போதாது, ட்ரெய்லரையும் தரையில் முளையடித்துக் கட்ட வேண்டும். வலைத்துணியின் கயிற்றைத் தளர்த்தி விடுவது இன்னும் நல்லது. மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் அச்சைக் கட்டையில் தூக்கி டயரின் பாரத்தை எடுங்கள்.

மூக்குப் பக்கம் உயர்த்தி, பின்பக்கத் தண்ணீர்த் துவாரங்களைத் திறந்து வையுங்கள். ஆனால் துவாரத்தில் சிறு வலைத்துண்டு கட்டுங்கள். கூடு கட்ட இடம் தேடும் குளவிக்கு அந்தத் துவாரமே போதும். கழற்றின தக்கை இரண்டையும் ஒரு நூலில் கோத்து வின்ச் கைப்பிடியில் தொங்க விடுங்கள். படகைத் தண்ணீரில் இறக்கப் போகிறவன் முதலில் கை வைப்பது அங்கேதான்.