பள்ளத்தில் தங்கும் மை

ஒரு 500 ரூபாய்த் தாளை எடுத்து, காந்தி படத்தின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். லேசாகச் சொரசொரக்கும். மை அங்கே காகிதத்துக்கு மேல் மேடாக நிற்கிறது. இந்த அச்சு முறையின் பூர்வீகம் ஐரோப்பியப் பொற்கொல்லர் பட்டறை.

ரப்பர் ஸ்டாம்பில் மேட்டுப் பகுதிதான் மையைப் பிடிக்கும். மரக்கட்டை அச்சும் அப்படியே. செப்புத் தகட்டில் கதை தலைகீழ்: வெட்டிய பள்ளம்தான் படமாகும்.

இப்படிச் செம்பில் படம் வெட்டிய ஜெர்மானிய ஓவியர், நியூரம்பெர்க் நகரின் ஆல்பிரெக்ட் டியூரர், ஒரு பொற்கொல்லர் மகன். தொழிலையும் அப்பாவிடமே தொடங்கியவர். தகட்டில் பள்ளம் வெட்டும் கருவி பியூரின் என்னும் எஃகு உளி. சுத்தியல் கிடையாது, கைப்பிடியை உள்ளங்கையில் பதித்து முன்னே தள்ள, செம்பு சுருள் சுருளாகக் கிளம்பும். வளைகோடு வேண்டுமென்றால் உளி திரும்பாது, மணல் அடைத்த தோல் பையின் மேல் கிடக்கும் தகட்டை இடது கை திருப்பும். அழுத்தினால் பள்ளம் ஆழமாகி அகலும், கோடு தடிக்கும். கை இளகினால் மயிரிழையாகத் தேயும். சாம்பல் நிறம் என்று தனியாக எதுவும் இல்லை. கோடுகளை நெருக்கியும் விலக்கியும் கண்ணை ஏமாற்றுவதுதான். ஓரத்தில் எழும் பிசிறைக் கடைசியில் சுரண்டிவிட வேண்டும்.

அப்புறம் தகடு முழுக்க மை பூசி, துணியாலும் உள்ளங்கையாலும் துடைப்பார்கள். மேற்பரப்பு பளிச்சென்றாகும், பள்ளத்தில் மை தங்கும். அதன் மேல் ஈரக் காகிதத்தை விரித்து, கரும்புச்சாறு மெஷினில் கரும்பை விடுவது போல இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டால், ஊறிய காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளி வரும்.

ஒரு தொல்லை: எல்லாமே இடவலம் மாறி விழும். டியூரரின் ‘மெலன்கோலியா 1’ படத்தில் ஒரு மாயச் சதுரம், அதாவது கட்டம் கட்டமாக எண்கள் அடுக்கிய சதுரம், இருக்கிறது. எந்த வரிசையைக் கூட்டினாலும் 34. கீழ் வரிசை நடுவில் 15, 14 என்று படம் பிறந்த ஆண்டு. அவ்வளவு கணக்குப் பார்த்தவருக்கே முதல் அச்சுகளில் 9 திரும்பி நின்றது. செம்பில் அழிரப்பர் ஏது? தவறிய இடத்தைச் சுரண்டி, தேய்த்து, பின்புறம் தட்டிச் சமமாக்கி, மறுபடி வெட்ட வேண்டும். 9 திருந்திவிட்டது. அதற்கு நேர் மேலே உள்ள 5-க்கு அடியில் மட்டும், முன்பு அதே இடத்தில் தவறி வெட்டிய 6 இன்றும் எட்டிப் பார்க்கிறது.