எந்தெந்த கியர் சேர்ந்து போனது? பழைய கார்வெட்டின் ஆட்டோமேட்டிக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

ஆக்சிலரேட்டரை மிதித்தால் என்ஜின் உறுமுகிறது, ஆர்பிஎம் முள் சர்ரென்று ஏறுகிறது, வண்டி மட்டும் நகர மறுக்கிறது. இல்லையென்றால் முதல் கியரிலேயே கத்திக்கொண்டு ஓடுகிறது, இரண்டாவது விழுவதே இல்லை. 1980-களின் செவர்லே கார்வெட் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்ததும் “கியர்பாக்ஸ் போச்சு” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பல வண்டிகளில் அது போயிருக்காது. போயிருந்தாலும், உள்ளே எந்தப் பாகம் போனது என்பதைப் பெட்டியைக் கழற்றாமலே பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

1984 மாடலாக வந்த நான்காம் தலைமுறை கார்வெட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் பொருத்திய ஆட்டோமேட்டிக்கின் பெயர் 700ஆர்4. நான்கு கியர் கொண்டது, நான்காவது, 0.70 விகிதமுள்ள ஓவர்டிரைவ், அதாவது என்ஜினைவிட வெளியேறும் தண்டு வேகமாகச் சுழலும் கியர். 1990-இல் பெயரை 4எல்60 என்று மாற்றினார்கள். 1994 கார்வெட்டில்தான் மின்னணுக் கட்டுப்பாட்டோடு 4எல்60-இ வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் எப்போது கியர் மாற்றுவது என்று முடிவெடுப்பது கம்ப்யூட்டர் அல்ல, ஆயில் அழுத்தம். கம்ப்யூட்டரின் கையில் இருப்பது, என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப், அதாவது வழுக்கல் இல்லாமல் அந்த இரண்டையும் நேராகப் பூட்டும் வேலை மட்டும். அதனால் கியர் விழாத கோளாறுக்கு இந்த வண்டியின் கம்ப்யூட்டரில் பிழைக் குறியீடு (code) தேடுவது வீண் வேலை.

ஆயில் எப்படி முடிவெடுக்கும்? கியர்பாக்ஸின் வெளியேறும் தண்டோடு சேர்ந்து கவர்னர் என்ற சின்னப் பாகம் சுழல்கிறது. வண்டி வேகமெடுக்க எடுக்க அதன் எடைகள் விரிந்து, ஆயில் அழுத்தத்தைக் கூட்டுகின்றன. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலிலிருந்து கியர்பாக்ஸுக்குள் இறங்கும் டிவி கேபிள். டிவி என்றால் த்ராட்டில் வால்வு. எவ்வளவு மிதிக்கிறோமோ, அந்த அளவுக்கு அந்தப் பக்கத்து அழுத்தம் ஏறும். நடுவில் இருக்கும் ஷிஃப்ட் வால்வில் இந்த இரண்டுக்கும் கயிறு இழுக்கும் போட்டி. கவர்னர் ஜெயித்தால் அடுத்த கியர் விழும். மெதுவாக மிதித்தால் சீக்கிரம் மாறுவதும், அழுத்தி மிதித்தால் தாமதமாக மாறுவதும் இதனால்தான்.

இந்த டிவி கேபிளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பழைய மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கான டிஎச்350-இல் இருந்த கேபிள், முழுக்க மிதிக்கும்போது கீழ் கியருக்கு இறக்கும் வேலையை மட்டும்தான் செய்தது. அழுத்தத்தைக் கவனிக்க, என்ஜினின் வெற்றிட அளவைப் பார்த்து வேலை செய்யும் வேக்யூம் மாடுலேட்டர் அதில் தனியாக இருந்தது. அந்தப் பழக்கத்தில் இதையும் வெறும் ‘கிக்டவுன்’ கேபிள் என்று நினைத்துவிடுகிறார்கள். 700ஆர்4-இல் பெட்டிக்குள் இருக்கும் கிளட்சுகளைப் பிடித்து அழுத்தும் ஆயிலின் பலத்தையும் இதே கேபிள்தான் நிர்ணயிக்கிறது. கேபிள் தொய்ந்தால் கியர் சீக்கிரமாகவும் மெத்தென்றும் மாறும். ஓட்டுபவருக்குச் சுகமாகத்தான் இருக்கும். உள்ளே கிளட்ச் தகடுகள் போதிய அழுத்தமில்லாமல் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். அளவுக்கு மேல் இறுகினால் தாமதமாக, முதுகில் குத்துவதுபோல மாறும்.

சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. என்ஜினை அணைத்துவிட்டு, த்ராட்டில் பக்கத்துக் கேபிள் முனையில் இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். கேபிள் உறையின் நகரும் பகுதியைத் த்ராட்டிலை விட்டு விலகும் திசையில் கடைசி வரை தள்ளிவிட்டுப் பொத்தானை விட வேண்டும். அப்புறம் த்ராட்டில் லீவரைக் கையால் முழுதாகத் திறந்தால், அந்தப் பகுதி கிளிக் கிளிக்கென்று நகர்ந்து சரியான இடத்தில் நிற்கும். அவ்வளவுதான். இதைச் செய்து பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விட வேண்டாம் என்பேன்.

ஆயிலையும் பார்த்துவிட வேண்டும். என்ஜின் சூடாகி ஓடிக்கொண்டிருக்க, லீவர் பார்க்கில் இருக்க, டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பதுதான் முறை. சிவப்பாக இருந்தால் நல்லது; பழுப்பேறித் தீய்ந்த வாடை வந்தால் ஏதோ ஒரு கிளட்ச் கருகியிருக்கிறது.

எந்தக் கிளட்ச்? பெட்டிக்குள் ஒரே பாகம் பல கியர்களுக்கு வேலை செய்கிறது. அதனால் எந்தெந்த கியர் சேர்ந்து போனது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். முன்னோக்கிப் போகும் எல்லா கியர்களிலும் ஃபார்வர்ட் கிளட்ச் பிடித்திருக்கும். இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் 2-4 பேண்ட் என்ற பட்டை ஒரு டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிறது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் 3-4 கிளட்ச். ஒன்றும் இரண்டும் ஒழுங்காகப் போய், மூன்றாவதுக்கு மாறும் நேரத்தில் நியூட்ரலில் விட்டதுபோல என்ஜின் எகிறினால் சந்தேகம் 3-4 கிளட்ச் மேல். இந்தப் பெட்டியின் பேர்போன பலவீனமே அதுதான். இரண்டும் நான்கும் மட்டும் வழுக்கினால் பேண்டையோ அதை இறுக்கும் சர்வோவையோ பார்க்க வேண்டும்.

இதில் எனக்கு மிகப் பிடித்த தடயம் ஒன்று உண்டு. ஒன்றும் மூன்றும் இருக்கின்றன. இரண்டு, நான்கு, ரிவர்ஸ் மூன்றும் ஒரேயடியாகக் காணோம். இரண்டுக்கும் நான்குக்கும் பேண்ட் பொதுவானது, சரி. ரிவர்ஸுக்குப் பேண்டே வேண்டாமே, அது ஏன் போனது? பேண்ட் பிடிக்கும் டிரம்மையும், பின்பக்கத்துப் பல்சக்கரத் தொகுதியின் நடுச் சக்கரமான சன் கியரையும் இணைக்கும் சன் ஷெல் என்ற உலோகக் கூடு உடைந்திருக்கிறது. இரண்டிலும் நான்கிலும் சன் கியரைச் சுழலாமல் பிடித்து நிறுத்துவதும், ரிவர்ஸில் அதைச் சுழற்றுவதும் அந்தக் கூடு வழியாகத்தான். இதற்குப் பெட்டியைக் கழற்றாமல் வேறு வழியில்லை.

முதல் கியரை விட்டு ஏறவே ஏறாத வண்டிக்கு வேறு கதை. கவர்னரைச் சுழற்றுவது ஒரு நைலான் பல்சக்கரம். அதன் பல் தேய்ந்து போனால் கவர்னர் அழுத்தமே எழாது; வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் வால்வுக்கு அது நிற்கும் வண்டிதான். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வட்ட மூடியைக் கழற்றினால் கவர்னர் கையில் வந்துவிடும், பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

“நான்காவது விழவில்லை” என்ற புகாரைக் கேட்டதும் ஆர்பிஎம் முள்ளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மூன்றிலிருந்து நான்குக்குப் போனால் முள் 30 சதவீதம் இறங்கும். 2,400 என்பது சுமார் 1,700 ஆகும். லாக்-அப் பிடிக்கும்போது இறங்குவது அதைவிடக் குறைவு, சில நூறு மட்டுமே. பலர் இதையே ஒரு கியர் என்று எண்ணிக்கொள்கிறார்கள். சீரான வேகத்தில் ஓடும்போது பிரேக்கை இலேசாகத் தொட்டால் லாக்-அப் விடுபட்டு முள் கொஞ்சம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் லாக்-அப் பிடிக்கவே இல்லை. பிரேக் சுவிட்ச், சாலினாய்ட் (மின்சாரத்தால் இயங்கும் வால்வு), ஒயரிங் என்று தேட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது, கிளட்ச் மிதிக்காத மேனுவல் வண்டிபோல என்ஜின் அணைந்தால் லாக்-அப் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

3-4 கிளட்ச் கருகியதாகவே இருக்கட்டும். புதுத் தகடு போடுவதோடு வேலை முடியாது. ஏன் கருகியது என்று தெரியாமல் பெட்டியை மாட்டினால் அது மறுபடியும் கருகும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனை எடுத்துவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிய வண்டிகளில் டிவி கேபிள் கோக்கும் இடத்தை உடனே அளந்து பார்க்க வேண்டும். லீவரில் அந்த இடம் மாறினால் கேபிள் இழுபடும் அளவும் மாறிவிடும். பழைய தகட்டுத் தூள் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரிலும் அதன் குழாய்களிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவிச் சுத்தம் செய்த பிறகே புது ஆயில் ஊற்ற வேண்டும்.